மண்ணுக்குள் காற்று எவ்வளவு எளிதாக ஓடுகிறது? தண்ணீர் கேனும் டியூப்பும் வைத்து அளக்கும் வழி

மழை பெய்து இரண்டு நாள் கழித்துச் செம்மண் காட்டில் இறங்கி நடந்தால், எங்கே மண் பொலபொலவென்று இருக்கிறது, எங்கே டிராக்டர் திரும்பித் திரும்பி இறுகிக் கிடக்கிறது என்று காலே சொல்லிவிடும். ஆனால் எவ்வளவு இறுகியிருக்கிறது, உளிக்கலப்பை போட்டபின் உண்மையிலேயே திறந்ததா, அடுத்த வருடம் மறுபடி மூடிக்கொண்டதா என்றெல்லாம் கேட்டால் காலால் சொல்ல முடியாது. அதற்கு ஓர் எண் வேண்டும். பலர் உடனே மண்ணின் அடர்த்தியை அளக்கப் போவார்கள். அதுவும் வேண்டியதுதான். ஆனால் மண்ணுக்குள் எவ்வளவு காலியிடம் இருக்கிறது என்பதை மட்டும்தான் அடர்த்தி சொல்லும். அந்தக் காலியிடங்கள் ஒன்றோடொன்று சேர்ந்திருக்கின்றனவா, ஒரு பக்கம் நுழைந்த காற்று மறுபக்கம் வெளியே வர வழி இருக்கிறதா என்பது காற்றை விட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

இதைத்தான் காற்று ஊடுருவுதிறன் என்கிறோம். ஆய்வுக்கூடங்களில் இதற்கென்றே விலையுயர்ந்த கருவிகள் உண்டு. ஆனால் அளவின் அடிப்படை மிக எளிது. ஒரு தண்ணீர் கேன், கொத்தனார் மட்டம் பார்க்கும் டியூப், பிவிசி மூடி, பழைய பைக் டியூப், ஒரு செல்போன் இருந்தால் நம்பத்தக்க அளவையே எடுத்துவிடலாம். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்காக இதைப் படிப்படியாக எழுதுகிறேன். சில இடங்களில் நீளமாகப் போவேன். அவை அளவு கெட்டுப்போகும் இடங்கள் என்று புரிந்துகொள்ளுங்கள்.

அடிப்படை இவ்வளவுதான்

1856-இல் பிரான்சின் டிஷோன் நகரத்துப் பொறியாளர் ஆன்ரி டார்சி, மணல் வழியே தண்ணீர் போகும் வேகத்தை அளந்து ஒரு விதியைச் சொன்னார். இரு முனைகளுக்கும் இடையே உள்ள அழுத்த வேறுபாடு கூடினால் ஓட்டம் அதே விகிதத்தில் கூடும். மணல் படுகையின் நீளம் கூடினால் ஓட்டம் குறையும். காற்றுக்கும் இது பொருந்தும். மண் உருளையின் ஒரு முனையில் மிகச் சிறிய உறிஞ்சல் கொடுத்து, விநாடிக்கு எத்தனை மில்லி காற்று அதன் வழியே வருகிறது என்று பார்த்தால் போதும். உருளையின் நீளம், குறுக்குப் பரப்பு, அழுத்த வேறுபாடு, காற்றின் பாகுநிலை (ஓட்டத்தைத் தடுக்கும் பிசுபிசுப்பு) ஆகியவற்றைச் சேர்த்துக் கணக்குப் போட்டால் ஊடுருவுதிறன் வந்துவிடும். இதன் அலகு சதுர மீட்டர். ஆனால் மண்ணில் கிடைக்கும் எண்கள் மிகச் சிறியவை என்பதால் சதுர மைக்ரோமீட்டரில் சொல்வது வழக்கம். எண்ணெய்க் கிணற்றுத் துறையினர் 'டார்சி' என்றே ஓர் அலகு வைத்திருக்கிறார்கள். ஒரு டார்சி கிட்டத்தட்ட ஒரு சதுர மைக்ரோமீட்டர் (0.987).

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வேருக்கு ஆக்சிஜன் போய்ச் சேர்வது பெரும்பாலும் காற்று 'வீசி' அல்ல. செறிவு கூடிய இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குத் தானாகப் பரவித்தான். எட்கர் பக்கிங்காம் என்ற அமெரிக்க இயற்பியலாளர் 1904-லேயே இதைக் காட்டிவிட்டார். அப்புறம் ஏன் ஓட்டத்தை அளக்கிறோம்? பரவலை அளக்க நேரம் பிடிக்கும், வாயு உணரிகள் வேண்டும். ஓட்டத்தை ஒரு நிமிடத்தில் அளந்துவிடலாம். அதோடு, துளைகளின் தொடர்ச்சி அறுந்திருந்தால் ஓட்டம் அதை உடனே காட்டிக்கொடுத்துவிடும். மண்ணிறுக்கத்தைப் பிடிக்க இதைவிடக் கூர்மையான எளிய அளவு எனக்குத் தெரிந்து வேறில்லை.

கருவியைக் கட்டுவது

அடிப்பக்கம் குழாய் வைத்த 20 லிட்டர் தண்ணீர் கேன் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். உறுதியான சுவர் உள்ளதாக இருக்கட்டும். மூடியில் ஒரு துளை போட்டு, மீன்தொட்டிக் கடையில் கிடைக்கும் காற்று டியூப்பைச் செருகி, சுற்றிலும் எம்-சீல் வைத்து அடையுங்கள். கேனில் தண்ணீர் நிரப்பி மூடியை இறுக்கி அடிக்குழாயைத் திறந்தால், வெளியேறும் ஒவ்வொரு மில்லி தண்ணீருக்கும் ஈடாக ஒரு மில்லி காற்று மேல் டியூப் வழியே உள்ளே வந்தாக வேண்டும். அந்த டியூப்பின் மறுமுனையில் மண் இருந்தால் காற்று மண் வழியாக வரும். வெளியே வந்த தண்ணீரை அளவு ஜாடியில் பிடித்துவிட்டால் மண் வழியே வந்த காற்றின் கன அளவு கையில் இருக்கிறது. காற்றோட்டமானி எதுவும் வாங்க வேண்டியதில்லை. இந்த ஏற்பாட்டின் அழகே இதுதான்.

அடுத்து மண் வளையம். 7 செ.மீ. உள்விட்டமும் 7 செ.மீ. உயரமும் உள்ள மெல்லிய எஃகுக் குழாய்த் துண்டு நல்லது. லேத் பட்டறையில் சொன்னால் வெட்டித் தருவார்கள். ஒரு முனையை வெளிப்பக்கமாக மட்டும் சாய்த்துக் கூராக்கச் சொல்லுங்கள். உட்பக்கம் சாய்த்தால் வளையம் இறங்கும்போது மண்ணை உள்ளே நெருக்கிவிடும். பிவிசி குழாயிலும் செய்யலாம். ஆனால் அதன் சுவர் தடிமன் என்பதால் இறுகிய மண்ணில் அடித்து இறக்கும்போது மண் விரிசல் விடும்.

வளையத்தின் மேல் பொருந்தும்படி ஒரு பிவிசி எண்ட் கேப் வேண்டும். அதில் இரண்டு துளை போட்டு இரண்டு சிறு குழாய் முனைகளை ஒட்டுங்கள். ஒன்று கேனுக்குப் போகும், மற்றொன்று அழுத்தம் பார்க்கும் டியூப்புக்கு. ஒரே துளை போட்டு வெளியே டி (T வடிவ இணைப்பு) வைத்துப் பிரிப்பதுதான் பலரும் செய்வது. அப்படிச் செய்தால் துளையிலிருந்து டி வரையுள்ள டியூப்பில் காற்று உரசிப் போவதால் வரும் அழுத்த இழப்பும் மண்ணின் கணக்கில் சேர்ந்துவிடும். இரண்டு துளை என்றால் அழுத்த டியூப்பில் ஓட்டமே இருக்காது. மூடிக்குள் இருக்கும் அழுத்தம் அப்படியே தெரியும்.

மூடியையும் வளையத்தையும் இணைக்கப் பழைய பைக் டியூப்பில் நான்கு விரல் அகலத்துக்கு ஒரு பட்டை வெட்டி, இரண்டின் மேலும் பாதிப் பாதி வரும்படி மாட்டி, மேலும் கீழும் ஹோஸ் கிளிப் போட்டு முடுக்குங்கள். வளையத்தின் வெளிப்புறத்தில் லேசாக வாசலின் தடவினால் பிடிப்பு இன்னும் நன்றாக இருக்கும்.

அழுத்தம் பார்க்க ஒரு மீட்டர் நீள ஒளிபுகும் டியூப்பை 'ப' வடிவில் ஒரு பலகையில் பதித்து, பாதிவரை தண்ணீர் விடுங்கள். ஒரு துளி சாயமும் ஒரு துளி சோப்புநீரும் சேருங்கள். சோப்பு இல்லாவிட்டால் தண்ணீர் டியூப் சுவரில் ஒட்டி ஒட்டி நகரும், மட்டம் பொய் சொல்லும். நாம் பார்க்கப் போவது வெறும் 2 செ.மீ. வேறுபாடு. அதில் ஒரு மில்லிமீட்டர் தப்பினாலே 5 சதவீதம் பிழை. இதைக் குறைக்க ஓர் எளிய வழி இருக்கிறது. இரண்டு கால்களும் சேர்ந்து சாயும்படி பலகையைச் சாய்த்து வையுங்கள். சரிவில் 5 செ.மீ. போனால் உயரம் 1 செ.மீ. ஏறும்படி வைத்தால், 2 செ.மீ. வேறுபாடு சரிவில் 10 செ.மீ. ஆகத் தெரியும். படித்த அளவை 5-ஆல் வகுத்துக்கொண்டால் சரி.

மண் வைப்பதற்கு முன் கசிவைத் தேடுங்கள்

இதைத் தாண்டிப் போகாதீர்கள். நான் முதன்முதலில் எடுத்த பதினைந்து அளவுகளை இதனால்தான் கிழித்துப் போட வேண்டியிருந்தது. எல்லா மண்ணும் ஒரே மாதிரி 'நன்றாக' இருந்தது. டிராக்டர் தடமும் கூட. மூடியில் ஒட்டியிருந்த குழாய் முனையின் அடியில் மயிரிழை விரிசல். இறுகிய மண்ணில் காற்று வர முடியாதபோது அந்த விரிசல் வழியே வந்துகொண்டிருந்தது.

சோதிப்பது இப்படி. வெற்று வளையத்தை மூடியில் மாட்டி, அதன் திறந்த முனையைக் கிரீஸ் தடவிய கண்ணாடித் தகட்டால் அடையுங்கள். கேன் குழாயைக் கொஞ்சம் திறந்து, அழுத்த டியூப்பில் 10 செ.மீ. வேறுபாடு வரும்வரை உறிஞ்ச விடுங்கள். பிறகு கேனுக்குப் போகும் டியூப்பைக் கிளிப்பால் நெரித்து அடைத்துவிட்டு ஐந்து நிமிடம் காத்திருங்கள். மட்டம் நின்ற இடத்திலேயே நின்றால் மூடிப் பகுதி நல்லது. இறங்கிக்கொண்டே வந்தால் இணைப்புகளில் ஒவ்வொன்றாகச் சோப்புநீர் தடவி, வாயால் மெல்ல ஊதிப் பாருங்கள். குமிழி வரும் இடம்தான் கசிவு. கேன் மூடியையும் இதே போலத் தனியாகச் சோதியுங்கள்.

இன்னொரு சோதனையும் உண்டு. கண்ணாடியை எடுத்துவிட்டு வெற்று வளையம் திறந்திருக்க, கேன் குழாயைத் தாராளமாகத் திறங்கள். அழுத்த டியூப்பில் வேறுபாடு ஏறக்குறைய பூஜ்யமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் மூடிக்குள் எங்கோ பிசின் வழிந்து அடைத்திருக்கிறது.

மண் எடுப்பது

கருவியைவிட இங்கேதான் கைப்பக்குவம் வேண்டும். மண் காய்ந்து கல்லாய் இருக்கும்போது அடித்தால் உடையும். சேறாக இருக்கும்போது அடித்தால் பிசைந்து துளைகள் மூடும். உழுவதற்கு ஏற்ற பதம் என்று விவசாயிகள் சொல்லும் ஈரம்தான் மண் எடுக்கவும் ஏற்றது. கையில் பிடித்தால் உருண்டை சேர வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும்.

மேலே இருக்கும் சருகையும் முதல் நான்கைந்து செ.மீ. புழுதியையும் நீக்கிவிட்டு, வளையத்தைச் செங்குத்தாக வைத்து, அதன் மேல் ஒரு தடித்த மரக்கட்டையைப் போட்டு அடியுங்கள். சுத்தியல் வளையத்தில் நேராகப் படக் கூடாது. ஒரே பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து இறங்கினால் சுவரோரம் இடைவெளி விழும். முடிந்தால் அடிக்காமல் ஜாக்கி வைத்து அழுத்தி இறக்குங்கள். டிராக்டரின் பின்பாரத்தின் கீழ் ஜாக்கியைக் கொடுத்தால் வேலை எளிது. வளையம் நிரம்பியதும் இழுத்துப் பிடுங்காதீர்கள். சுற்றிலும் குழி பறித்து, அடியில் கொத்துக்கரண்டி விட்டுப் பெயர்த்து எடுங்கள்.

இரு முனையிலும் மிஞ்சிய மண்ணைக் கத்தியால் வழித்துச் சமமாக்கத் தோன்றும். வழிக்காதீர்கள். ஈரமண்ணில் கத்தி சறுக்கினால் மேல்தளம் மெழுகினாற்போல் ஆகித் துளைவாய்கள் அடைபடும். கத்தி முனையால் சிறிது சிறிதாகக் குத்திப் பெயர்த்துச் சமன் செய்யுங்கள். பார்க்க அழகாக இருக்காது, ஆனால் அதுதான் சரி.

சுவரோர இடைவெளி எவ்வளவு கெடுக்கும் என்று ஒரு கணக்குச் சொல்கிறேன். 7 செ.மீ. வளையத்தில் மண்ணுக்கும் சுவருக்கும் நடுவே சுற்றிலும் 0.2 மி.மீ. இடைவெளி மேலிருந்து கீழ்வரை இருந்தால், அது ஒன்றே சுமார் 38 சதுர மைக்ரோமீட்டர் ஊடுருவுதிறனுக்குச் சமம். இறுகிய மண்ணின் உண்மையான அளவு பெரும்பாலும் ஒன்றிலிருந்து பத்துக்குள் இருக்கும். அதாவது நீங்கள் மண்ணை அளக்கவில்லை, இடைவெளியை அளந்துகொண்டிருக்கிறீர்கள். அதனால் வளையத்தின் மேல் விளிம்பை ஒட்டி ஒரு சிறு கயிறு தடிமனுக்கு ஈரக் களிமண்ணை உருட்டி வைத்து விரலால் அழுத்தி அடையுங்கள். அப்படி அடைத்தால் காற்று செல்லும் பரப்பு கொஞ்சம் குறையும் என்பதால் பட்டையை முடிந்தவரை ஒல்லியாக வையுங்கள். சரளை நிறைந்த செம்மண்ணில், அடிக்கும்போது ஒரு கல் இழுபட்டுச் சுவரைக் கீறிக்கொண்டு வந்திருந்தால் அந்த மாதிரியைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு எடுப்பதே நல்லது.

எத்தனை எடுப்பது? ஓர் இடத்துக்கு ஆறுக்குக் குறையக் கூடாது, பத்து இருந்தால் நல்லது. ஏன் என்று பின்னால் பார்ப்போம்.

ஈரம் சொல்லாத அளவு அளவே அல்ல

தண்ணீர் நிறைந்த துளையில் காற்று போகாது. ஆகவே ஒரே மண் காலையில் ஒரு எண்ணும், மூன்று நாள் காய்ந்தபின் இன்னொரு எண்ணும் தரும். இரண்டும் சரியான எண்கள்தான், ஆனால் இரண்டையும் ஒப்பிட முடியாது. இதற்காகவே ஆய்வுக்கூடங்களில் மாதிரியை முழுதும் நனைத்து, பிறகு நுண்மணல் படுகைமேல் வைத்து 100 செ.மீ. நீர்மட்ட இழுவையில் (அவ்வளவு கீழே நிற்கும் நீர்மட்டம் இழுக்கும் உறிஞ்சலில்) வடியவிட்டு அளப்பது வழக்கம். அந்த இழுவையில் 30 மைக்ரோமீட்டருக்கு மேல் விட்டமுள்ள துளைகள் காலியாகிவிடும், அதைவிடச் சிறியவற்றில் தண்ணீர் நிற்கும். வயலில் நல்ல மழைக்குப்பின் இரண்டு நாளில் வடிந்து நிற்கும் நிலை ஏறக்குறைய இதுதான்.

நம்மிடம் மணல் படுகை இல்லை. ஆகவே வயலையே பயன்படுத்துவோம். அளக்கப்போகும் இடங்களில் ஒரு சதுர மீட்டர் அளவுக்கு வரப்பு கட்டி, தண்ணீர் நன்றாக இறங்கும்வரை விடுங்கள். பிறகு வெயிலில் காயாதபடி தார்ப்பாய் போட்டு மூடி, செம்மண் என்றால் இரண்டு நாள், கனத்த மண் என்றால் மூன்று நாள் விடுங்கள். ஒப்பிடும் எல்லா இடங்களுக்கும் ஒரே நாளில் தண்ணீர் விட்டு ஒரே நாளில் மண் எடுக்க வேண்டும். எடுத்த வளையங்களைப் பாலித்தீன் பையில் கட்டி நிழலில் வையுங்கள்.

கரிசல் மண்ணுக்கு ஒரு எச்சரிக்கை. அது காயக் காயச் சுருங்கும், வளையச் சுவரைவிட்டு விலகும், நடுவே வெடிப்பு விடும். அப்போது வரும் பெரிய எண் வெடிப்பின் எண். கரிசலை ஈரமாக இருக்கும்போதே அளந்துவிடுங்கள், சுவரோரத்தை இரண்டு முறை பாருங்கள்.

அளவு எடுத்தல்

மண் நிறைந்த வளையத்தை முதலில் எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மூடியை மாட்டி, வளையத்தின் அடி முனை காற்றுக்குத் திறந்திருக்கும்படி ஒரு கம்பிவலை மேல் வையுங்கள். அழுத்த டியூப்பில் இரு கால்களும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா பாருங்கள். இப்போது கேன் குழாயை மெல்லத் திறங்கள். முதலில் கேன் சுவர் கொஞ்சம் உள்வாங்கும், மட்டம் அலையும். அரை நிமிடம் பொறுங்கள். வேறுபாடு 2 செ.மீ.-இல் நிலையாக நிற்கும்படி குழாயைச் சரிசெய்துகொண்டு, நின்றதும் அளவு ஜாடியை வைத்து ஸ்டாப்வாட்சைத் தட்டுங்கள். 60 விநாடி பிடியுங்கள். மூன்று முறை பிடித்து, மூன்றும் நெருங்கி வந்தால் சராசரி எடுங்கள்.

கேனை நிழலில் வையுங்கள். இது வெறும் சம்பிரதாயம் அல்ல. கேனின் மேற்பகுதியில் 10 லிட்டர் காற்று இருக்கும்போது அது ஒரு டிகிரி சூடானால் ஏறக்குறைய 33 மில்லி விரியும். அந்த 33 மில்லித் தண்ணீர் மண் வழியே காற்று வராமலே ஜாடிக்குள் வந்துவிடும். இறுகிய மண்ணில் ஒரு நிமிடத்துக்கு 40 மில்லிதான் வரும் என்றால் பிழையின் அளவை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். கேன் முக்கால்வாசிக்குக் குறையாமல் நிரம்பியிருக்கட்டும், கையை அதன் மேல் வைக்காதீர்கள்.

2 செ.மீ.-இல் அளந்த பிறகு 1 செ.மீ.-இலும் 4 செ.மீ.-இலும் அளந்து பாருங்கள். டார்சி விதிப்படி பாதியும் இரட்டையும் வர வேண்டும். 4 செ.மீ.-இல் இரட்டிப்புக்குக் குறைவாக வந்தால், பெரிய துளைகளில் காற்று சீராக ஓடாமல் சுழலத் தொடங்கிவிட்டது என்று பொருள். அந்த மாதிரியைச் சிறிய அழுத்தத்திலேயே அளக்க வேண்டும். இரட்டிப்பைவிட அதிகமாக வந்தால் எங்கோ புது வழி திறந்துகொண்டது: சுவரோர அடைப்பு பெயர்ந்திருக்கலாம், இல்லை துளையில் நின்ற தண்ணீர் நகர்ந்திருக்கலாம். 5 செ.மீ.-க்கு மேல் எப்போதும் போகாதீர்கள்.

கணக்கு

காற்றின் பாகுநிலை 30 டிகிரி செல்சியஸில் 0.0000187 பாஸ்கல்-விநாடி. ஒரு செ.மீ. நீர்மட்டம் என்பது 98.1 பாஸ்கல். இவற்றையும் அலகு மாற்றங்களையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டால் சூத்திரம் இப்படிச் சுருங்கும்:

ஊடுருவுதிறன் (சதுர மைக்ரோமீட்டர்) = 19 × ஓட்டம் × நீளம் ÷ (பரப்பு × மட்ட வேறுபாடு)

ஓட்டம் விநாடிக்கு மில்லியில். நீளமும் மட்ட வேறுபாடும் செ.மீ.-இல்; பரப்பு சதுர செ.மீ.-இல். வேறெந்த அலகிலும் போடக் கூடாது, 19 என்ற எண் இவற்றுக்கு மட்டுமே உரியது.

கணக்குக்காக ஒரு மாதிரி வைத்துக்கொள்வோம். 7 செ.மீ. விட்டத்துக்குப் பரப்பு 38.5 சதுர செ.மீ., நீளம் 7 செ.மீ., வேறுபாடு 2 செ.மீ., 60 விநாடியில் 300 மில்லி. ஓட்டம் விநாடிக்கு 5 மில்லி. 19 × 5 × 7 = 665. அதை 38.5 × 2 = 77-ஆல் வகுத்தால் 8.6 சதுர மைக்ரோமீட்டர்.

இத்தோடு நிறுத்திவிடாமல் அதே மண்ணை 105 டிகிரியில் ஒரு நாள் உலர்த்தி எடை போடுங்கள். உலர்ந்த எடை 418 கிராம், இழந்த தண்ணீர் 75 கிராம் என்று இருக்கட்டும். வளையத்தின் கன அளவு 269.5 கன செ.மீ. அப்படியானால் அடர்த்தி 1.55. மண் தாதுக்களின் சொந்த அடர்த்தியை 2.65 என்று எடுத்துக்கொண்டால் மொத்தத் துளைவெளி 41.5 சதவீதம். அதில் தண்ணீர் 27.8 சதவீதம். மிச்சம் 13.7 சதவீதம்தான் காற்று நிறைந்த துளைவெளி. இது 10 சதவீதத்துக்குக் கீழே போனால் பயிருக்கு மூச்சுத் திணறல் என்பது மண்ணியலில் நெடுநாளாகப் புழங்கும் எல்லைக்கோடு.

இப்போது ஊடுருவுதிறனைக் காற்றுத் துளைவெளியால் வகுத்துப் பாருங்கள்: 8.6 ÷ 0.137 = 63. இந்த இரண்டாவது எண்தான் எனக்கு மிகவும் பிடித்தது. இரண்டு மண்ணில் காற்றுக்குக் கிடைக்கும் இடம் ஒரே அளவாக இருந்தும் ஒன்றில் இந்த எண் பெரிதாக இருந்தால், அதில் துளைகள் பெரியவை, நேரானவை, ஒன்றோடொன்று சேர்ந்தவை. உழுது புரட்டிய மண்ணுக்கும் மண்புழுவும் வேரும் வேலை செய்த மண்ணுக்கும் உள்ள வேறுபாடு அடர்த்தியில் தெரியாமல் போகும்போது இங்கே தெரியவரும்.

எண்ணைப் படிப்பது

ஒரு சதுர மைக்ரோமீட்டருக்குக் கீழே என்றால் அந்த ஈரத்தில் மண் காற்றுக்கு ஏறக்குறைய மூடிவிட்டது என்று கொள்ளலாம். பத்துக்கு மேல் வந்தால் தொடர்ச்சியான பெருந்துளைகள் இருக்கின்றன. நூற்றுக்கணக்கில் வந்தால் மகிழ்வதற்கு முன் மாதிரியைப் பிளந்து பாருங்கள். ஒரே ஒரு மண்புழுத் துளை, 2 மி.மீ. விட்டத்தில் மேலிருந்து கீழ்வரை நேராகப் போயிருந்தால், நம் வளையத்தில் அது மட்டுமே சுமார் 100 சதுர மைக்ரோமீட்டர் சேர்த்துவிடும். குழாயில் ஓட்டம் விட்டத்தின் நான்காம் அடுக்காகக் கூடும் என்பதால் 1 மி.மீ. துளை அதில் பதினாறில் ஒரு பங்குதான் சேர்க்கும். அந்த மண்புழுத் துளை பிழை அல்ல. அது வயலில் உண்மையாகவே இருக்கிறது, உண்மையாகவே காற்றைக் கொண்டுபோகிறது. ஆனால் அதை எல்லா மாதிரிக்கும் பொதுவாக்கிவிடக் கூடாது.

சராசரியில்தான் இந்தச் சிக்கல் வரும். ஐந்து மாதிரிகள் 4, 6, 7, 9, 180 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். சாதாரணச் சராசரி 41. ஐந்தில் ஒரு மாதிரி கூட 41-க்குப் பக்கத்தில் இல்லை! வரிசைப்படுத்தி நடுவில் நிற்கும் எண்ணை எடுத்தால் 7. ஐந்தையும் பெருக்கி ஐந்தாம் மூலம் எடுத்தால் 12. இந்த வகை அளவுகளுக்குக் கடைசியில் சொன்ன பெருக்குச் சராசரியைத்தான் கொடுப்பது வழக்கம். செல்போன் கால்குலேட்டரில் மடக்கை எடுத்துச் சராசரி கண்டு திருப்பினாலும் அதே விடைதான். பெரிய எண்ணை 'தப்பு' என்று நீக்கிவிடாதீர்கள், பக்கத்தில் குறித்து வையுங்கள். ஆறுக்குக் குறையாமல் எடுக்கச் சொன்னதன் காரணம் இப்போது புரிந்திருக்கும்.

எண் குறைந்தாலே குற்றம் என்றும் இல்லை. நெல் வயலில் சேற்றுழவு செய்வதே துளைகளை அடைத்துத் தண்ணீரை நிறுத்துவதற்குத்தான். நஞ்சையில் 0.5 என்று வந்தால் உழவு சரியாகப் பட்டிருக்கிறது. ஆனால் அதே வயலில் நெல்லுக்குப் பின் உளுந்தோ பருத்தியோ போடப் போகிறீர்கள் என்றால் அந்த எண்ணைக் கவலையோடு பார்க்க வேண்டும்.

வளையத்தை எடுக்காமல் வயலிலேயே

மண்ணைப் பெயர்க்காமல், வளையத்தை வயலில் இறக்கிய நிலையிலேயே மேலே மூடி போட்டு அளக்கவும் முடியும். அமெரிக்காவின் அயோவாவில் டான் கிர்காம் 1940-களிலேயே இதற்கு ஒரு முறை வகுத்தார்: தொட்டியில் காற்றை அடைத்து, மண்ணுக்குள் விட்டு, தொட்டியின் அழுத்தம் இறங்கும் வேகத்தைப் பார்ப்பது. 1955-இல் குரோவர் என்பவர் இதை இன்னும் எளிதாக்கினார். தண்ணீரில் கவிழ்த்து மிதக்கவிட்ட ஒரு டப்பா தன் எடையாலேயே ஒரே சீரான அழுத்தத்தில் காற்றைத் தள்ளும். அது இறங்கும் வேகமே ஓட்டம்.

நம் கேனையும் இதற்குப் பயன்படுத்தலாம். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். வயலில் வளையத்தின் அடி முனை திறந்த காற்றில் இல்லை, மண்ணில் இருக்கிறது. காற்று வளையத்துக்கு அடியில் விரிந்து வளைந்து மேலே வர வேண்டும். அந்தக் கூடுதல் தடையைக் கணக்கில் சேர்க்காமல் மேலே சொன்ன சூத்திரத்தை அப்படியே போட்டால் உண்மையைவிடக் குறைந்த எண் கிடைக்கும். இதற்கென்று வடிவத் திருத்த எண்கள் உண்டு. ஆனால் தொடங்குகிறவர்கள் ஒரே வளையத்தை ஒரே ஆழத்துக்கு இறக்கி, இரண்டு இடங்களை ஒப்பிட மட்டும் இதைப் பயன்படுத்துவது போதும்.

முதல் நாள் செய்ய வேண்டியது

நேரே பெரிய ஆய்வில் இறங்காதீர்கள். எல்லோரிடமும் இருக்கும் ஒரு வயலில் மூன்று இடம் எடுங்கள்: டிராக்டர் சக்கரத் தடம், அதே வயலின் நடுப்பகுதி, பக்கத்தில் பல வருடம் உழாத வேலியோரம் அல்லது மரத்தடி. மூன்றிலும் மேல்மண்ணில் ஆறாறு வளையம். முடிந்தால் சக்கரத் தடத்தில் மட்டும் கலப்பை அடி படும் 20 செ.மீ. ஆழத்திலும் ஆறு. ஒரே நாளில் இருபத்துநான்கு அளவு என்பது இரண்டு பேருக்குச் சரியான வேலை. ஒருவர் மட்டத்தைப் பிடித்துக்கொண்டிருக்க, மற்றவர் ஜாடியும் ஸ்டாப்வாட்சும் பார்க்க வேண்டும்.

நோட்டில் ஒவ்வொரு வளையத்துக்கும் இவற்றை எழுதுங்கள்: இடம், ஆழம், தண்ணீர் விட்ட நாள், மண் எடுத்த நாள், ஈர எடை, மட்ட வேறுபாடு, மூன்று முறை பிடித்த மில்லி, அறை வெப்பநிலை, உலர் எடை. அதோடு மாதிரியை உடைத்தபோது பார்த்தவை: வேர், புழுத்துளை, கல், சுவரோர விரிசல். இந்தக் கடைசி வரியைச் சோம்பல்பட்டு விட்டுவிடாதீர்கள். மூன்று மாதம் கழித்து ஒரு எண் ஏன் துருத்திக்கொண்டு நிற்கிறது என்று தேடும்போது அந்த வரிதான் உதவும்.

அளந்து முடித்த வளையங்களை உடனே உலர்த்திவிட வேண்டும் என்றும் இல்லை. காற்று மண்ணின் அமைப்பைக் குலைப்பதில்லை, அதனால் அதே மாதிரியில் அடுத்து நீர் கடத்தும் திறனையும் அளக்கலாம். வரிசை மட்டும் மாறக் கூடாது: முதலில் காற்று, பிறகு தண்ணீர், எல்லாவற்றுக்கும் கடைசியில் உலர்த்தல்.